சிவப்பு நூல் கட்டிய கடுகு

எங்கள் கடுகு வயலில் சிவப்பு நூல் என்றால் கழிவு. பாத்தி பாத்தியாக நடந்து, நோய் விழுந்தது, தண்டு சாய்ந்தது, காய் முற்றுமுன்பே வெடிப்பது என்று பார்த்துப் பார்த்து, வேண்டாத செடியின் கழுத்தில் நான் ஒரு துண்டுச் சிவப்பு நூலைக் கட்டுவேன். மறுநாள் காலை வேலைக்கு வரும் பெண்கள் நூல் கட்டிய செடிகளைப் பிடுங்கிக் குழியில் போடுவார்கள். இதைவிட எளிமையான ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் நான் நூல் கட்டிவிட்டு அலுவலகத்துக்குள் போனதும் என் மேலதிகாரி வயலில் இறங்குவார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு நூலாக அவிழ்ப்பார்.

நகத்தால் அவிழ்க்க முடியாதபடி இறுக்கி முடிச்சுப் போடத் தொடங்கினேன். அவர் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வாங்கினார்.

எங்கள் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் அழைப்போம். வடக்கிலிருந்து வேலைக்கு வந்து, மாத்தளை மாவட்டத்திலேயே தன் உத்தியோக காலம் முழுவதையும் கழித்தவர். இருந்தும் அவருடைய பேச்சில் ஒரு சொல்கூட இந்தப் பக்கத்துக்கு மாறவில்லை. நான் விவசாயப் பட்டம் முடித்து, ஒப்பந்த அடிப்படையில் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தபோது, அவர் ஓய்வுபெறச் சொற்ப காலமே இருந்தது. நாலந்தாவைத் தாண்டி, ஏ-9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் கிரவல் ரோட்டின் முடிவில் எங்கள் நிலையம். அங்கே மிளகாய்க்கு ஒரு பிரிவு, வெங்காயத்துக்கு ஒரு பிரிவு, ஒரு மூலையில் எண்ணெய்க் கடுகு. அந்த மூலை முழுவதும் அவருடையது.

பயிர் விருத்தி என்றால் இரண்டு செடிகளைச் சேர்த்து வைப்பது என்று வெளியில் நினைக்கிறார்கள். சேர்ப்பது சின்ன வேலை. நாளைக்கு மலரப்போகிற மொட்டை இன்று மாலையே பிரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தக் கேசரங்களையும் சாவணத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு, கடதாசிப் பையால் மூட வேண்டும். காலையில் தகப்பன் செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவ வேண்டும். அவ்வளவுதான். அந்தக் காயிலிருந்து வரும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு குணத்தோடு முளைக்கும். அவற்றில் நல்லதை வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் கழிக்க வேண்டும். அடுத்த போகத்தில் மறுபடி கழிக்க வேண்டும். இப்படிக் கழித்துக் கழித்து, கடைசியில் எஞ்சுகிற ஒன்றுக்குத்தான் புதிய இனம் என்று பெயர். கழிப்பதுதான் எங்கள் வேலை. சம்பளமே அதற்குத்தான்.

அவரோ சேர்ப்பதில் கெட்டிக்காரர். அந்தச் சாவணம் அவர் கையில் இருக்கும்போது யாரும் பேசாமல் நின்று பார்ப்போம். அரிசியின் பாதிகூட இல்லாத மொட்டுக்குள் சூலகத்தில் ஒரு கீறல் விழாமல் கேசரங்களை எடுத்துவிடுவார். நான் செய்த பத்துப் பூவில் ஆறு வாடும். அவர் செய்தவை எல்லாம் காய்க்கும். அங்கேதான் தொல்லை ஆரம்பம். காய்த்ததையெல்லாம் அவர் விதைப்பார். விதைத்தது எதையும் விடமாட்டார்; ஒவ்வொன்றின் வம்சத்துக்கும் 'வரிசை' என்று ஒரு எண் போட்டு வைத்துக்கொள்வார்.

"மிஸ், இதுக்குத் தண்டே நிக்க மாட்டேங்குது. வச்சிருந்து என்ன செய்ய?"

"பாவம் பிள்ளை. இந்த முறை காத்துக் கூடத்தானே. அடுத்த போகமும் ஒருக்காப் பார்ப்பம்."

"இது போன போகமும் விழுந்துச்சு மிஸ்."

"போன போகம் மழை."

"அதுக்கு முந்தின போகம்?"

"அப்ப நீர் வரேல்லை. உமக்கு அதைப் பற்றித் தெரியாது."

கோபப்பட முடியாது, சொல்லிவிட்டு உடனே பையைத் திறந்து ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதியை நீட்டுவார். நான் கோபத்தோடு பாதித் தோடம்பழம் சாப்பிட்ட நாட்கள் ஏராளம்.

செடிகளோடு மட்டும் இப்படி இருந்திருந்தால் பொறுத்திருக்கலாம். அவருடைய அறையில் கழிக்கப்படாமல் இருந்தவற்றை ஒருமுறை மனதுக்குள் பட்டியல் போட்டேன்: ஓடாத இரண்டு சுவர்க்கடிகாரங்கள், கால் உடைந்த நாற்காலி, அந்த நாற்காலியின் காலாகவே இருந்த இன்னொரு மரத்துண்டு, முனை வளைந்த சாவணங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய, எந்த வருடத்து விதை என்று அவருக்கே தெரியாத கடதாசி உறைகள், காலாவதியான பூச்சிமருந்துப் போத்தல்கள் (வெறும் போத்தல்கள்தான், கழுவி வைத்தவை), மேசை இலாச்சிக்குள் குட்டி போட்ட ஒரு பூனை. பூனைக்காக இலாச்சியைத் திறந்தபடியே விட்டிருந்ததால், அந்தப் பக்கம் போகிற எல்லோருடைய முழங்காலும் அதில் இடித்தது. அவருடைய முழங்காலில் நிரந்தரமாக ஒரு நீலத்தழும்பு இருந்தது.

தலைமை அலுவலகக் கூட்டங்களுக்கு அவரோடு போவது இன்னொரு தண்டனை. ஒருமுறை பணிப்பாளர் நேராகவே கேட்டார்.

"மிஸ், உங்களிடம் இருக்கிற வரிசைகளில் சிறந்தது எது?"

மிஸ் எழுந்து நின்று, ஒரு வரிசைக்கு விளைச்சல் நல்லது என்றார். இன்னொன்றுக்கு எண்ணெய் கூட. இன்னொன்று வரட்சி தாங்கும். இன்னொன்றுக்கு இவை எதுவும் இல்லை, ஆனால் இலை நல்ல வடிவாக இருக்கும். எல்லாம் ஒவ்வொரு விதத்தில் நல்ல பிள்ளைகள்தான் என்று முடித்தார்.

"மிஸ்," என்றார் பணிப்பாளர், "நான் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கை கேட்கவில்லை."

அறையே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தது நான் ஒருத்திதான். கடுகு மூலை மூடப்பட்டால் அவருக்கு மிளகாய்ப் பிரிவில் ஒரு நாற்காலி கிடைக்கும். எனக்கு வேலை போய், வீட்டுக்கு, மாத்தளைக்கு பஸ்.

சிரிப்புக்கு இடமில்லாத ஒரு காரியமும் நடந்தது. அதை அவர் செய்தது நல்ல மனதோடுதான். அதனாலேயே எனக்கு அவர் மேல் ஆத்திரம் அதிகமாகிறது.

லக்கலையிலிருந்து ஒரு விவசாயி மாரிமழைப் பெரும்போகத்துக்கு முன் வந்து, காட்டை வெட்டித் திருத்திய சேனையில் போடக் கடுகு விதை கேட்டிருந்தார். சிங்களவர், ஒடிசலான மனிதர், எப்போதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசுவார். அவருக்குக் கொடுக்க ஒரு டசின் வரிசைகள் இருந்தன. மிஸ்ஸால் ஒன்றைத் தெரிவு செய்ய முடியவில்லை. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து, ஒரு சுளகில் கொட்டி, கையால் கலந்து, பையில் கட்டிக் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரியாமல்தான். "ஏதாவது ஒண்டாவது நல்லா வரும்தானே" என்று பிறகு சொன்னார்.

போகம் முடிந்ததும் அந்த மனிதர் இரண்டு பஸ் மாறி வந்தார். வாசலிலேயே ஒரு சாக்கை அவிழ்த்துக் கடுகுச் செடிகளைக் கீழே பரப்பினார். சிலவற்றில் காய் வெடித்து வெறும் தோல் மட்டும் இருந்தது. சிலவற்றில் அப்போதுதான் பூ.

"மிஸ், நீங்க தந்தது விதையா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளா?" என்று சிங்களத்தில் கேட்டார். "ஒருத்தன் முதல் மணிக்கு வாறான், ஒருத்தன் கடைசி மணிக்கு வாறான். நான் எந்த நாளில் அறுக்கிறது? முந்தினதை அறுத்தால் பிந்தினது பிஞ்சு. பிந்தினது முற்றும்வரை பார்த்தால் முந்தினது எல்லாம் மண்ணில. யானைக்குக் காவலிருந்து மண்ணுக்கு விதைச்சிருக்கிறேன்."

மிஸ்ஸுக்கு நல்ல சிங்களம் தெரியும். அன்று குனிந்து வெறும் காய்த்தோல்களைப் பொறுக்கத் தொடங்கினார். அந்த மனிதர் கொஞ்சம் ஆறி, தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லதா இருக்கணும்னுகூட இல்லை மிஸ். ஒன்றா இருந்தால் போதும்" என்றார்.

"அடுத்த பெரும்போகத்துக்கு உங்களுக்கு ஒரே ஒரு இனம் தருவேன்" என்று மிஸ் சொன்னார். அவர் வாயிலிருந்து 'ஒரே ஒரு' என்ற சொல் வந்ததை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். அதே நிலத்துண்டை வேறு எதுவும் போடாமல் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அந்த மனிதர் போனார்.

தலைமை அலுவலகமும் அதே சமயத்தில் முடிவாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன் வரும் இந்தச் சிறுபோகத்தில் ஒரு வரிசையின் சுத்தமான விதை பரிசோதனையில் தேற வேண்டும். தேறினால் அந்த விதை லக்கலைக்கு, அந்த மனிதரின் சேனைக்கு. தேறாவிட்டால் கடுகு மூலையில் மிளகாய்.

எந்த வரிசை என்பதை அவர் தீர்மானித்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒன்பதாம் வரிசையின் விதைப்பையை மட்டும் மேசையில் வைத்துவிட்டு, விதை அலுமாரியைப் பூட்டிச் சாவியை நான் என் செருப்புக்குள் போட்டுக்கொண்டேன். அவர் அலுமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"ஒன்பதும் நல்ல பிள்ளைதான்" என்றார்.

மற்ற வரிசைகள் முன்னரே ஒரு பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்தன. ஒன்பதை அவற்றோடு ஒரே நேரத்தில் பூக்காதபடி பிந்தி, தள்ளி, கிணற்றுத் தண்ணீர் இறைத்து விதைத்தோம். கடுகு பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே கருக்கட்டிக்கொள்ளும் சாதிதான். ஆனால் தேனீக்கள் சும்மா இருப்பதில்லை. பக்கத்தில் வேறு கடுகு பூத்திருந்தால் அதன் மகரந்தத்தையும் கொண்டுவந்து போட்டுவிடும். அதனால்தான் இவ்வளவு கவனம். முளைத்தது, இலை விட்டது. நான் தினமும் பார்த்தேன். ஒரு காலையில் மூன்றாம் பாத்தியில் ஒரு செடியின் நரம்பு ஊதாவாக இருந்தது. ஒன்பதுக்கு நரம்பு வெள்ளை. அடுத்த பாத்தியில் ஒன்றுக்கு இலையில் மயிர். இன்னொன்று பக்கத்துச் செடிகளைவிட ஒரு சாண் உயரம்.

எங்கள் தொழிலில் இவற்றுக்குக் கலவன் என்று பெயர். சுத்தமான விதை வயலில் கலவன் நின்றால் பரிசோதகர் வயலையே நிராகரித்துவிடுவார். நான் பாத்திகளின் நடுவில் நின்று யோசித்தேன். இந்த விதை போன போகத்தில் நாங்களே அறுத்தது. அது பூத்தபோது பக்கத்தில் வேறு கடுகு பூத்திருக்கவில்லை. நான் நூல் கட்டிய ஒவ்வொன்றையும் குழிக்கு அனுப்பியாயிற்று. அவர் கடைசியில் அவிழ்ப்பதைக்கூட நிறுத்தியிருந்தார். திருந்திவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன்.

விடை எனக்கு ரொட்டிக் கடையில் கிடைத்தது.

கிரவல் ரோடு ஏ-9இல் ஏறுகிற சந்தியில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருக்கிறது. எங்கள் வயலில் வேலை செய்யும் சரசக்காவும் நானும் பிளேன்டி குடிக்கப் போயிருந்தோம். கை கழுவப் பின்பக்கம் போனேன். பைப்படியில், கழுவுகிற தண்ணீர் ஓடுகிற இடத்தில், மஞ்சள் பூவாக ஒரு கூட்டம். மேலெல்லாம் தேனீ. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு நூல். என் முடிச்சு.

"நானா! இது எங்க கிடைச்சது?"

"மிஸ் தந்தது மகள். எலையெச் சுண்டினா நல்லா ஈக்குது. வீட்டுல பிள்ளைகளும் தின்னுது. வேணுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். சரசக்கா கோப்பைக்குள் முகத்தை விட்டிருந்தார்.

"அக்கா?"

"என்னைய என்னம்மா கேக்குறீங்க? போன போகத்துல இருந்தே, குழிக்குக் கொண்டு போறப்ப மிஸ் வழியில நிக்கிறாங்க. 'சரசு, அந்தக் கூடையை இங்க வை' அப்படிங்கிறாங்க. பெரியவங்க சொன்னா வைக்காம இருப்பேனா?"

"எத்தனை வீட்டுக்குப் போச்சு?"

"எண்ணல." பிறகு, மிகவும் சின்னக் குரலில்: "எங்க வாசல்லயும் ரெண்டு இருக்கு."

அலுவலகத்துக்கு எப்படி நடந்தேன் என்று நினைவில்லை. பைப்படியிலிருந்து பிடுங்கி வந்த ஒரு செடியை அவருடைய மேசையில், பூனைக்கு அருகில், போட்டேன்.

"மிஸ், என்னாங்க இது?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இருபத்தேழு," என்றார் பாசத்தோடு. "எப்பிடி நிமிர்ந்திட்டுது பாரும்! விழுந்துபோம் எண்டீர்."

"குழியில போடச் சொன்னது!"

"பிடுங்கச் சொன்னீர், பிடுங்கிச்சினம். எறியிறதுக்கு முதல் நாலு சனம் இலையெண்டாலும் தின்னட்டுமே எண்டு…"

"தேனீ மிஸ். தேனீ! ஒம்பதுக்குள்ள கலவன் நிக்குது. இருபத்தேழோட நரம்பு ஊதாதானே? வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். ஊதா நரம்பு இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பயிர் விருத்தியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பரிசோதகர் வர அதிக நாள் இருக்கவில்லை. ஒன்பது மொட்டுக் கட்டிவிட்டிருந்தது. அது பூப்பதற்குள் வெளியில் நிற்கும் கடுகு எல்லாம் போக வேண்டும். உள்ளே நிற்கும் கலவனும் போக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த லக்கலை மனிதரின் நிலம் வரும் பெரும்போகம் முழுவதும் வெறுமனே கிடக்கும்.

"வீடு வீடாப் போவம்" என்றார்.

அந்த ஊர்வலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் தலை வலிக்கிறது. முன்னால் குடையோடு மிஸ், நடுவில் நான், பின்னால் கூடையோடு சரசக்கா. நானா வீட்டில் பிரச்சினை இல்லை. ஒரு கட்டு இலையை முதலில் ஆய்ந்துகொண்டு மிச்சத்தைத் தந்துவிட்டார். தேவாலயத்துக்குப் பக்கத்து வீட்டு அன்ரி, தன் கணவருக்குக் கால்வீக்கம் குறைந்ததே இந்தக் கீரையால்தான் என்றார். சரசக்கா தன் வாசலிலிருந்த இரண்டையும் தானே பிடுங்கிக் கூடையில் போட்டுவிட்டு எங்களோடு பேசாமல் நடந்தார். அடுத்த வீட்டில்தான் மாட்டிக்கொண்டோம். அந்த வீட்டு அம்மா கைகளை விரித்துச் செடிகளுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"காப்புக் கட்டின செடியைப் பிடுங்குறதா? எங்க வீட்டுக்கு ஆகுமா அது?"

"அது காப்பு இல்லீங்க. வேணாங்கிறதுக்கு அடையாளமா நான்தான் கட்டினேன்."

"வேணாம்னு யாராச்சும் சிவப்பு நூலு கட்டுவாங்களா? அதுவும் கடுகுக்கு? கண்ணேறு கழிக்கிற சாமானுக்கு? மிஸ் கோயில்ல வச்சுக் கட்டிக் குடுத்திருக்காங்க. இந்தச் செடி வந்ததுல இருந்து எங்க வீட்டுல ஒருத்தருக்கும் ஒரு காய்ச்சல் இல்ல."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். கோயில் என்று இவர் ஒன்றும் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இல்லை என்றும் சொல்லவில்லை என்பது அப்போது தெரிந்தது. கழிப்பதற்கு இதைவிட நல்ல நிறத்து நூல் எனக்குக் கிடைக்கவில்லையா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். நீலத்தில் கட்டியிருந்தால் பாதிச் செடி அந்த வாரமே சுண்டலாகியிருக்கும்.

"காப்பை நான் அவிழ்த்துத் தாறன் அம்மா" என்றார் மிஸ். "நூல் உங்களிட்ட இருக்கட்டும். செடியை மட்டும் தாங்கோ. அதுக்குப் பதிலா மிளகாய்க் கண்டு பத்துத் தாறன்."

அப்படித்தான் அந்த வீடு முடிந்தது. செய்தி எங்களை முந்திக்கொண்டு ஓடியிருந்தது. அதற்குப் பிறகு வந்த எல்லா வீட்டிலும் பத்து மிளகாய்க் கன்று கேட்டார்கள். கடுகே இல்லாத ஒரு வீட்டில்கூடக் கேட்டார்கள். அவர்களுக்கும் கொடுக்கச் சொன்னார் மிஸ். மிளகாய்ப் பிரிவு அதிகாரி அந்த மாதம் முழுவதும் என்னோடு பேசவில்லை. மிஸ்ஸோடு பேசினார். அவரோடு கோபித்துக்கொள்ள யாராலும் முடியாது. அந்தக் கோபமெல்லாம் எனக்கு வந்து சேரும்.

ஒன்று கவனித்தேன். எல்லா வீட்டிலும் பேசியது அவர். பிடுங்கியது நானும் சரசக்காவும். வேர் மண்ணை விட்டு வருகிற சத்தம் கேட்கிற நேரத்தில் அவர் ரோட்டுப் பக்கம் திரும்பி, போகிற லொறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே முடிந்தது. அடுத்து உள்ளே. கலவனில் சில பார்த்ததும் தெரிந்தன. தெரியாதவைதான் அதிகம். மொட்டுப் பருவத்தில், ஒன்பதின் நிறத்திலேயே, ஒன்பதின் உயரத்திலேயே நின்றன. நான் அளவுகோலும் குறிப்புமாக ஒரு பாத்தியைப் பார்த்து முடிப்பதற்குள் அவர் மூன்று பாத்தியைத் தாண்டியிருப்பார். கழிக்க வேண்டிய ஒவ்வொன்றையும் பல போகமாகச் சோறூட்டாத குறையாக வளர்த்தவர் அல்லவா? பிள்ளையின் முகத்தில் தகப்பனைக் கண்டுபிடித்தார்.

"இது இருபத்தேழின்ர. நானாட பைப்படியில நிண்டது. காம்பைப் பாரும்."

"இதுவா மிஸ்? எனக்கு வித்தியாசம் தெரியலையே."

"இலை நுனி மடியிறதைப் பாரும். இது அந்தக் காப்புக்கார அம்மா வீட்டு ஆள்." அடுத்தது: "இது சரசுவின்ர."

"ஐயோ, என்னைய ஏன் இழுக்குறீங்க மிஸ்!" என்றார் சரசக்கா.

சொல்லிவிட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நிறுத்தி, "பிடுங்கும்" என்பார். நான் பிடுங்குவேன். கையை அவர் நீட்டவே இல்லை. அந்த வாரம் வெயில் காய்ந்தது. வயலில் அழுக்கணவன் பூச்சி இறங்கியிருந்தது. கடுகின் பெரிய எதிரி அதுதான்; இலையின் அடிப்பக்கத்திலும் மொட்டுக் குலையிலும் சாம்பல் அப்பியதுபோல் மொய்த்து, சாற்றை உறிஞ்சிவிடும். ஒன்பதிலும் விழுந்திருந்தது. சோப்புத் தண்ணீர் அடித்துச் சமாளித்தோம். அதைத் தாங்கும் ஒரு கடுகு எங்களுடைய எந்த வரிசையிலும் இல்லை. அப்படி ஒன்று கிடைக்காதா என்றுதான் எல்லாரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பரிசோதகர் வரும் நாள் காலையில் கடைசிப் பாத்திக்கு வந்தோம். வேலியோரத்தில் ஒரு செடி. கலவன்தான், எனக்கே தெரிந்தது. தண்டு என் கட்டைவிரல் தடிப்பம், அடியிலிருந்தே கிளை, கிளை நிறைய மொட்டு. யார் வீட்டு ஆள் என்று அவர் சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. குந்தினார். என் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். இன்னோர் இலை. மொட்டுக் குலையை விரலால் விலக்கிப் பார்த்தார். எனக்குத் தெரியும் இந்தக் குந்தல் எங்கே முடியும் என்று.

"மிஸ், வேணாம். பரிசோதகர் சேர் வந்துட்டாரு. ஜீப் கேட்டுல நிக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பரிசோதகர் இறங்கிச் சப்பாத்தை மாற்றிக்கொண்டிருந்தார். மிஸ் பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தார். இரண்டு கையாலும் அந்தச் செடியின் அடியைப் பிடித்து இழுத்தார். அது சுலபமாக வரவில்லை. மண்ணோடு வந்ததும், முழங்காலில் வைத்து, விறகு முறிப்பதுபோல் நடுவில் முறித்தார். முறிந்ததைத் திரும்பவும் முறித்தார். வேரைத் தனியாகத் திருகி எடுத்து வேலிக்கு அப்பால் எறிந்தார்.

நான் பரிசோதகரை எதிர்கொள்ளக் கேட்டை நோக்கி நடந்தேன்.

வயல் தேறியது. பரிசோதகர் பாத்தி பாத்தியாக நடந்து, ஒரு கலவனும் இல்லை என்று கையொப்பமிட்டார். பெரும்போகத்துக்கு விதை லக்கலைக்குப் போனது. அந்த மனிதரின் நிலத்தில் கடுகு ஒரே சீராக வந்தது. ஒரே நேரத்தில் முற்றி, ஒரே தடவையில் அறுத்தார். அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சொல்ல வந்தபோது மிஸ் ஓய்வுபெற்று வடக்கே போய்விட்டிருந்தார். அறையைக் காலி செய்ததும் நான்தான். சாவணங்கள் உட்பட எல்லாவற்றையும் கழித்தேன். பூனையைச் சரசக்கா எடுத்துப் போனார்.

ஆனால் அந்த நாளை நான் இன்னும் முடித்துக்கொள்ளவில்லை. ஜீப் போன பிறகு, மதியம், வேலியோரத்துக்குத் திரும்பப் போனேன். முறித்துப் போட்ட துண்டுகள் வெயிலில் துவண்டு கிடந்தன. ஓர் இலையைத் திருப்பினேன். சுத்தமாக இருந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லா இலையையும் திருப்பினேன், எல்லா மொட்டையும் பிரித்தேன். பக்கத்துச் செடிகளில் சாம்பல் பூசியதுபோல் மொய்த்துக்கொண்டிருந்தது. இதில் ஒரு அழுக்கணவன்கூட இல்லை.

துண்டுகளை அள்ளிக்கொண்டு அவருடைய அறைக்கு ஓடினேன். இலாச்சியில் முழங்கால் இடித்தது.

"மிஸ், இதுல ஒண்ணுகூட இல்ல. இதைப் பாத்தீங்களா?"

"பார்த்தன்."

"பாத்துட்டா முறிச்சீங்க? ஒரு சாடியில வச்சு, பையால மூடி, தனியா வளத்திருக்கலாமே! இத்தனை வருசமா ஒண்ணுக்கும் உதவாததையெல்லாம் வச்சிருந்தீங்களே மிஸ். வச்சிருக்க வேண்டிய ஒண்ணை ஏன் மிஸ்? வெறும் பிடுங்கினாக்கூட நான் திரும்ப நட்டிருப்பேனே!"

"அதுதான் பிள்ளை," என்றார் அவர். சேலையில் பட்ட பச்சைக் கறையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "முழுசா இருந்தால் நானும் நட்டிருப்பன். எந்த வீட்டு வாசல்ல நடுவன் எண்டு எனக்கே தெரியாது."